நொய்யல் கரையில் நான்கு தலைமுறை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



திருப்பூரைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் ஏற்றுமதித் தொகையைச் சொல்லித் தொடங்குவர். தொகை பெரியதுதான், அதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு தொழிலூரின் வரலாறு முழுவதும் அந்தத் தொகைக்குள் அடங்கிவிடுவதில்லை. பாட்டன் செய்த வேலையை மகன் ஏன் விட்டான், மகன் செய்த வேலையைப் பேரன் ஏன் செய்ய விரும்பவில்லை, தாய் இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் நாள்களில் குழந்தைக்குச் சோறூட்டியவர் யார் என்ற கேள்விகளுக்கும் அவ்வரலாற்றில் இடம் உண்டு. இக்கேள்விகளுக்கு விடை சொல்லும் ஏடு எந்த அலுவலகத்திலும் இல்லை. இவ்வுரை எடுத்துக்கொண்ட பொருள் அதுவே: இப்பகுதியில் ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த தலைமுறைக்கு எதை விட்டுச்சென்றது?

முதலில் அப்பாருவின் காலம். கொங்கு வீடுகளில் தந்தையின் தந்தையை அப்பாரு என்றும், தாயின் தந்தையை அப்புச்சி என்றும், தாயின் தாயை அம்மாயி என்றும் அழைப்பது வழக்கம். அந்த அப்பாருவின் உடைமை நிலமும் கிணறும். நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. ஆற்றை ஒட்டிய வயல்களைத் தவிர்த்த பெரும்பரப்பு மானாவாரியும் கிணற்றுப் பாசனமும்தான். பாறையை உடைத்துக் கிணறு வெட்ட ஒரு குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. மாடுகள் பூட்டிக் கவலை இறைத்த நாளில், நீர் முகந்து வந்த தோற்பறியைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். கிணற்றுக்கு உரிமையாளர் ஒரு குடும்பம். அந்தக் கிணற்றில் நீர் ஏறுவதற்குத் தோல் கொடுத்ததும் ஆள் கொடுத்ததும் மற்றொரு குடும்பம். முன்னவர் வீட்டில் நிலம் தலைமுறைக்குத் தலைமுறை இறங்கியது. பின்னவர் வீட்டில் பண்ணையாள் வேலை அவ்வாறே இறங்கியது. மின்சார மோட்டார் வந்தபின் தோற்பறிக்கு வேலை இல்லாது போயிற்று. அத்தொழிலை நம்பியிருந்த வீடுகளுக்கு அது விடுதலையா, பிழைப்பின் இழப்பா என்று கேட்டால், இரண்டும்தான் என்று சொல்ல வேண்டும்.

நிலம் இறங்கியது என்றால் ஆண்மக்களுக்கு இறங்கியது. தாராபுரத்தை அடுத்த கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் 1942ஆம் ஆண்டு வெளியிட்ட ‘நாகம்மாள்’ இப்பகுதியின் குடும்ப வாழ்வை எழுத்தில் கொணர்ந்த முன்னோடி நாவல். கணவனை இழந்த பெண் ஒருத்தி தனக்குரிய பங்கைப் பிரித்துத் தரும்படி கேட்கிறாள், குடும்பம் குலைகிறது, கதை கொலையில் முடிகிறது. அந்நாவலைக் கிராமத்து அழகுக்காகப் போற்றுவோர் உண்டு. அதன் நடுவில் நிற்பது பெண்ணுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி. பெண்மக்களுக்கும் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. அதற்கு முன்னரே மணமாகிவிட்ட மகளிர் அதன் பயனைப் பெறவில்லை. 2005ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் சட்டம் திருத்தப்பட்டது. நாவல் வெளிவந்து அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்தே சட்டம் அவ்விடத்துக்கு வந்து சேர்ந்தது என்பதை எழுதுவோர் மறத்தல் கூடாது.

நிலத்தில் விளைந்த பருத்தியே ஊரைத் தொழிலூராக்கியது. கம்போடியா இரகப் பருத்தி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவை மாவட்டத்துக் கிணற்றுப் பாசன நிலங்களில் பரவிற்று. திருப்பூர்ச் சந்தைக்குப் பருத்தி வண்டிகள் வந்தன. பஞ்சரைக்கும் ஆலைகள் எழுந்தன. 1920களில் கதர் இயக்கத்தின் தமிழக மையமாகவும் ஊர் விளங்கிற்று. கொடி காத்த குமரன் பிறந்தது சென்னிமலையில், நெசவாளர் குடும்பத்தில். பிழைப்புக்காகத் திருப்பூர் வந்த அவ்விளைஞர் 1932 சனவரி 10ஆம் நாள் ஊர்வலத்தில் அடிபட்டு மறுநாள் உயிர்நீத்தார். தறியை விட்டுத் திருப்பூருக்கு வேலை தேடி வந்த எத்தனையோ பிள்ளைகளில் அவரும் ஒருவர் என்று எண்ணிப் பார்த்தால், சிலையாக நிற்பவர் மறுபடியும் ஒரு வீட்டுப் பிள்ளையாகத் தெரிவார்.

அதே 1920களில்தான் குலாம் காதர் என்பார் இவ்வூரில் முதல் பனியன் ஆலையை நிறுவினார். அப்போது அது சிறு முயற்சி. இரண்டாம் தலைமுறையின் காலத்தில், அதாவது நாடு விடுதலை பெற்ற பின்னரும் சிறப்பாக 1970களிலும், நிலை மாறிற்று. மழை பொய்த்தது, கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போயின, பாகம் பிரிந்த நிலம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றப் போதவில்லை. காங்கயம், பல்லடம், அவிநாசி வட்டாரத்து இளைஞர்கள் மிதிவண்டியில் பனியன் கம்பெனிகளுக்கு வந்தனர். கைமடித்துப் பழகி, பிறகு மிஷினில் அமர்ந்து, கட்டிங் கற்று, சில ஆண்டுகளில் நாலைந்து பேர் கூடிப் பழைய மிஷின் இரண்டை வாங்கிப் போட்டனர். வயலில் பங்காளிகளாகப் பிரிந்தவர்கள் கம்பெனியில் கூட்டாளிகளாகச் சேர்ந்தனர். ஒரே இடத்தில் நூல் துணியாகித் துணி சட்டையாகும் முறை குறைந்தது. பின்னலுக்கு ஓரிடம், சலவைக்கு ஓரிடம், சாயத்துக்கு ஓரிடம், தையலுக்கு ஓரிடம் என்று வேலை தெருத்தெருவாகப் பிரிந்தது. ஒவ்வோரிடத்திலும் ஒரு சிறு முதலாளி எழ வழி பிறந்தது.

இவ்வாறு எழுந்தவர்களை ஆராய்ந்து ஷரத் சாரி என்ற அறிஞர் 2004ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். தம் உயர்வுக்கு உழைப்பே முதல் என்று இம்முதலாளிகள் இடைவிடாமல் சொல்வதை அவர் கருத்தூன்றிக் கவனித்தார். அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆயினும் அருகருகே அமர்ந்து ஒரே அளவு உழைத்த இருவரில் ஒருவர் முதலாளியாகவும் மற்றவர் தொழிலாளியாகவே இருக்கவும் காரணம் என்ன? ஒருவருக்கு விற்கவோ அடகு வைக்கவோ ஊரில் நிலம் இருந்தது. கடன் கொடுக்க மாமனும் மச்சானும் இருந்தனர். தோற்பறி தைத்தவரின் மகனுக்கு உழைப்பு மட்டுமே இருந்தது. அப்பாருவின் கிணறு ஐயனின் கம்பெனியாக மாறிற்று. கிணறு இல்லாத அப்பாருவின் பேரனுக்குக் கிடைத்தது கைத்தொழில் மட்டுமே.

ஆயினும் அக்கைத்தொழிலுக்கும் ஒரு மதிப்பு உண்டு. பண்ணையத்தில் ஆண்டுக்கூலிக்குக் கட்டுப்பட்டிருந்தவரின் மகன் சனிக்கிழமை மாலை காசை எண்ணி வாங்கினான். பிடிக்கவில்லை என்றால் அடுத்த கம்பெனிக்குப் போனான். ஊரில் நுழைய முடியாத தேநீர்க் கடைக்குள் நகரத்தில் நுழைந்தான். சங்கமும் சேர்ந்தான். 1984ஆம் ஆண்டில் பஞ்சப்படி கேட்டு நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. நான்கு மாதம் சனிக்கிழமைச் சம்பளம் இல்லாத வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதைத் தொழிற்சங்க வரலாறு விரிவாகச் சொல்லவில்லை. அதை அறிந்தவர்கள் அக்காலத்துத் தாய்மார்கள். அவர்களில் பலர் இப்போது முதுமையடைந்துவிட்டனர். கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் அதிக நாள் இல்லை.

ஏற்றுமதி 1970களின் பிற்பகுதியில் தொடங்கி 1980களில் விரிந்தது. 1990ஆம் ஆண்டில் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றிற்று. வெள்ளைப் பனியனுக்குப் பதில் வண்ணச் சட்டை, உள்நாட்டுச் சந்தைக்குப் பதில் ஐரோப்பாவின் பருவம், அமெரிக்காவின் பண்டிகை என்று ஊரின் நாள்காட்டியே மாறிற்று. ஆடியும் தையும் பார்த்து விதைத்த குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் கப்பல் புறப்படும் தேதியைப் பார்த்து இரவு விழித்தனர். பெண்கள் பெருந்திரளாகக் கம்பெனிக்கு வந்ததும் இக்காலத்தில்தான். பிசிர் வெட்டவும் செக்கிங் பார்க்கவும் வந்தவர்கள் பிறகு ஓவர்லாக்கிலும் பிளாட்லாக்கிலும் அமர்ந்தனர்.

‘ஒன்றரை ஷிப்ட்’ என்ற சொல்லை இவ்வூருக்கு வெளியே பலர் அறியார். காலை எட்டரைக்கு நுழைந்து இரவு எட்டரைக்கு மேல் வெளியேறும் நாளுக்கு அதுவே பெயர். கணவனும் மனைவியும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் வாடகையும் பள்ளிக் கட்டணமும் சீட்டுப் பணமும் நேராகும் என்பது பல வீடுகளின் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு வரி எழுதப்படுவதில்லை. இருவரும் வெளியே இருக்கும் அப்பன்னிரண்டு மணி நேரத்தில் குழந்தையை வைத்திருப்பவர் அம்மாயி. தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் மதுரையிலிருந்தும் குடிவந்த வீடுகளில் அம்மாயி ஊரிலேயே தங்கிவிட, குழந்தை அவரிடம் வளர்ந்தது. பெற்றோர் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து பார்த்தனர். மூன்று வயதுக் குழந்தை தாயை விருந்தாளியாகப் பார்த்துக் கதவுக்குப் பின் ஒளிந்துகொள்ளும் காட்சியைக் கண்டவர்கள் இவ்வவையிலேயே இருக்கக்கூடும். பின்னலாடையின் விலையில் கூலி சேர்கிறது, நூல் சேர்கிறது, சாயம் சேர்கிறது. அம்மாயியின் வேலை எங்கும் சேர்வதில்லை.

நூற்பாலைகளில் வேறொரு வழக்கம் வளர்ந்தது. ஏழை வீட்டுப் பெண்கள் மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் ஒரு தொகை. அது திருமணத்துக்கு உதவும் என்றனர். ‘சுமங்கலித் திட்டம்’ என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் கொங்கு மாவட்டங்களில் அது பரவலாக இருந்தது. வெளியே செல்லக் கட்டுப்பாடு, நீண்ட வேலைநேரம், மூன்றாண்டு முடியுமுன் உடல்நலம் குன்றித் திரும்பியோர்க்குத் தொகை முழுமையாகக் கிடைக்காமை ஆகியவை பற்றிப் பல அறிக்கைகள் வெளிவந்தன. இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று. பெண்ணுக்குப் பங்கு தருவதில்லை. பெண்ணை அனுப்பச் சீர் தேட வேண்டும். அச்சீரையும் பெண்ணே பதினாறு வயதில் போய்ச் சம்பாதித்து வர வேண்டும். நாகம்மாளின் கேள்வி ஆலை விடுதிக்குள்ளும் வந்து நின்றது.

இனி ஆறு. அப்பாரு கொடுத்த கிணறும் ஐயன் நடத்திய சாயப்பட்டறையும் நிலத்துக்கு அடியில் ஒரே நீரைப் பகிர்ந்துகொண்டன. சாயநீர் நொய்யலில் இறங்கிற்று. கீழ்ப்பகுதி உழவர்களுக்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணை 1992ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குளமாயிற்று. பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்க வேண்டாம் என்று பாசன உழவர்களே கேட்கும் நிலை வந்தது. தேங்காயும் இளநீரும் கெட்டன. கிணற்று நீர் கால்நடைக்கும் ஆகாது என்றாயிற்று. உழவர்கள் தொடுத்த வழக்கில், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலை வேண்டும் என்று 2006ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் பணித்தது. அது நிறைவேறாத நிலையில் 2011 சனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட ஆணையிட்டது. சுத்திகரிப்பு நிலையங்கள் சீர்செய்யப்பட்டுப் படிப்படியாகவே வேலை மீண்டது.

இவ்வழக்கை உழவர் ஒருபுறம், தொழில் மறுபுறம் என்று எழுதுவது எளிது. வீட்டுக்குள் புகுந்து பார்த்தால் அவ்வளவு எளிதாக இல்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் கீழ்நொய்யலில் தென்னை வைத்திருந்தான். தம்பி நகரத்தில் பட்டறையில் பங்கு வைத்திருந்தான். அண்ணனின் மகள் திருமணத்துக்குத் தம்பி பணம் கொடுத்தான். அப்பணத்தை வாங்கும்போது அண்ணனின் மனத்தில் ஓடியது என்ன? சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ நாவல் சாயக்கழிவு சூழ்ந்த திருப்பூர் வாழ்வை இலக்கியத்தில் பதிவுசெய்தது. அவ்வழியே இன்னும் நெருங்கிச் சென்று, ஒரே பந்தியில் அமர்ந்த அந்த அண்ணன் தம்பியை எழுத வேண்டிய கடமை இன்னும் நிறைவேறாமல் இருக்கிறது.

நொய்யல் கரை மக்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழர் வாழும் மற்றொரு தொழிலூர் உண்டு. அது கோலார் தங்கவயல். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குச் சுரங்க வேலையைத் தொடங்கியபின், வட ஆற்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களான தமிழ்க் குடும்பங்கள் அங்குச் சென்றன. மூங்கில் தட்டி வேய்ந்த வரிசை வீடுகளில் தலைமுறைகள் வளர்ந்தன. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. பாட்டன் இறங்கிய குழியில் மகனும் பேரனும் இறங்கினர். பாறைத் தூசு நெஞ்சில் படிந்து இளமையில் இறந்தவர் பலர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டு வேலை அன்றோடு நின்றது. ஊருக்கு நடுவே சயனைடு கலந்த மண்மேடுகள் மலைபோல் நிற்கின்றன. ஆயிரக்கணக்கானோர் விடியற்காலைத் தொடர்வண்டியில் பெங்களூர் சென்று இரவு திரும்பினர்.

ஆனால் அவ்வூர் வெறும் மண்மேடாகிவிடவில்லை. காரணம் என்ன? சுரங்கம் இருந்த காலத்திலேயே அத்தொழிலாளர்கள் பௌத்த சங்கம் கண்டனர், பள்ளி நடத்தினர். அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகளைச் சித்தார்த்தா புத்தகசாலை வழியாக நூல்களாக்கினர். பண்டிதர் மறைந்தபின் நின்றிருந்த ‘தமிழன்’ இதழை 1920களில் ஜி. அப்பாதுரையார் அங்கிருந்தே மீண்டும் நடத்தினார். பகலெல்லாம் பூமிக்கடியில் இருந்தவர்கள் மாலையில் அச்செழுத்துக் கோத்தார்கள், கூட்டம் போட்டார்கள், தம் பிள்ளைகளுக்குப் பெயர் தேர்ந்தார்கள். கம்பெனி அவர்களுக்கு எதையும் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. அவர்களே தம் பிள்ளைகளுக்கு எழுதிவைத்தார்கள். இன்று அயோத்திதாசரை ஆராய்வோர் அவ்வச்சகத்துக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள்.

திருப்பூருக்கு அத்தகைய முடிவு வரும் என்று இங்குச் சொல்லப்படவில்லை. ஆயினும் தூரத்தில் எடுக்கும் முடிவு இவ்வூர் வீடுகளை எவ்வளவு விரைவில் அசைக்கும் என்பது தெரிந்ததே. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் மிஷின்கள் நின்றன. ஒடிசா, பீகார், சார்க்கண்டு, மேற்கு வங்கத்துத் தொழிலாளர்கள் ஊர் திரும்ப வழியின்றித் தவித்து, மே மாதத்துச் சிறப்புத் தொடர்வண்டிகளில் போயினர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது ஐம்பது விழுக்காடு வரி விதித்தபோது பின்னலாடை ஆணைகள் தடுமாறின. ஒரு வீட்டின் அடுத்த மாத வாடகையை நிறுத்தும் கையெழுத்தை அவ்வீட்டார் பார்த்ததுமில்லை, பார்க்கப்போவதுமில்லை.

நான்காம் தலைமுறை இப்போது பள்ளியில் இருக்கிறது. ஐயன் என்றழைத்த வீட்டில் அப்பா என்ற அழைப்பு வந்து, அதன்பின் டாடி வந்துவிட்டது. முதலாளி வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் படிக்கிறான். தொழிலாளி வீட்டுப் பிள்ளை பொறியியல் முடித்துக் கணினி வேலை தேடுகிறான். தாம் அமர்ந்த மிஷினில் தம் மகள் அமரக் கூடாது என்பதே தாய்மார் பலரின் ஒரே வேண்டுதல். அம்மிஷினில் இன்று அமர்பவர் ஒடியாவோ இந்தியோ பேசும் இளம்பெண். அவருடைய குழந்தை இவ்வூர்ப் பள்ளிகளில் அகரம் எழுதுகிறது. வீட்டில் ஒரு மொழி, தெருவில் கொங்குத் தமிழ் என்று வளரும் அக்குழந்தைகளுள் ஒருவர் நாளை தமிழில் கவிதை எழுதக்கூடும். குமரன் வந்ததும் சென்னிமலையிலிருந்து. பின்னர் வந்தவர்கள் தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும். இப்போது வருபவர்கள் அதனினும் தொலைவிலிருந்து. வந்தவர்களின் பிள்ளைகளே ஒவ்வொரு முறையும் இவ்வூரார் ஆகியிருக்கின்றனர்.

பத்தாண்டு என்பது ஒரு வட்டத்துக்குச் சிறு காலம் அன்று. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, மிஞ்சிய இரண்டு மணி நேரத்தில் கவிதை படிக்க வந்தவர்களால் இது நடந்திருக்கிறது. அம்மாயியிடம் கேட்டு எழுதுவது, 127 நாள் அடுப்பின் கதையைத் தேடிப் பதிவது, அருந்ததியர் வீட்டுப் பேரனின் குரலை அவரே எழுத இடம் தருவது, மொழி வேறாயினும் பக்கத்து அறையில் குடியிருப்பவரின் பிள்ளையை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வருவது ஆகியவை வரும் பத்தாண்டின் பணிகள். நிலம் பெற்றவர் உண்டு, பெறாதவர் உண்டு. கம்பெனி பெற்றவர் உண்டு, பெறாதவர் உண்டு. எழுதிவைத்த சொல்லில் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுக்கலாம். அந்தப் பங்கைப் பிரித்துத் தரும் பொறுப்பு இவ்வவையிடம் இருக்கிறது.